நியூசிலாந்து அரசுத் துறையில் திட்டமிடல், செயல்திறன் ஆலோசகர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெலிங்டன் அரசுத் துறைகளில் ‘பிளானிங் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் அட்வைசர்’ என்று ஒரு வேலை விளம்பரம் வந்தால் போதும், எனக்கு நாலைந்து போன் வந்துவிடும். புதிதாகக் குடியேறியவர்கள், படித்து முடித்த பிள்ளைகள், ஊரிலிருந்து கேட்கும் உறவுக்காரர்கள் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. இந்த வேலையை நான் பல வருடங்களாகச் செய்கிறேன், பிடித்தும் செய்கிறேன். அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இது ஊழியர்களுக்கு மார்க் போடுற வேலையா? எச்.ஆர். மாதிரியா?

இல்லை. தனி ஆளின் வேலையை மதிப்பிடுவது அவரவர் மேலாளரின் பொறுப்பு. நாங்கள் பார்ப்பது துறையின் வேலையை. வரும் ஆண்டில் இன்னின்னதை, இந்த அளவில், இந்தத் தரத்தில் செய்வோம் என்று துறை முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கிறது. ஆண்டு முடிந்ததும் அதே பட்டியலை எடுத்துவைத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று எழுதுகிறது. முன்னதைத் தெளிவாக எழுத வைப்பதும் பின்னதை உண்மையாக எழுத வைப்பதும் எங்கள் பாடு.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆவணங்கள்தான் இவையும். ஆனால் இங்கே பெரும்பாலான நிதி ஒதுக்கீடுகளுக்குப் பக்கத்திலேயே அளவுகோலும் இலக்கு எண்ணும் அச்சாகியிருக்கும். ஆண்டு முடிவில் பணக் கணக்கைத் தணிக்கை செய்வது போல அந்த எண்களையும் தணிக்கை செய்வார்கள்.

இப்படி எழுதியே ஆகணும்னு யார் சொன்னது?

1989-ல் வந்த பொது நிதிச் சட்டம். அதற்கு முன்பு சம்பளத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று செலவை வைத்துத்தான் கணக்கு பார்த்தார்கள். அந்தப் பணத்தால் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் தாளில் பதில் இருக்காது. 1989 சட்டம் அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது. துறை தன் நீண்ட நாள் நோக்கங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து வருபவைதான்.

2022-லிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. செயல்திறன் தகவலை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி எழுதுவது என்பதற்கென்றே ஒரு கணக்கியல் தரநிலை நடைமுறைக்கு வந்தது. எந்த அளவுகோலை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதையும் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. வேலை கூடிவிட்டது உண்மைதான், ஆனாலும் எனக்கு இதில் சந்தோஷமே.

ஒரு வருஷம் முழுக்க அப்படி என்ன வேலை இருக்கும்?

இங்கே நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஊர் நினைப்பில் ஏப்ரல், மார்ச் என்று கணக்குப் போடாதீர்கள். ஜூலையில் ஆண்டறிக்கை வேலை தொடங்கும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் எண்களை வாங்க வேண்டும், ஆதாரத்தோடு வாங்க வேண்டும். ‘எண் 87. எங்கிருந்து வந்தது? எந்தத் தேதியில் எடுத்தீர்கள்? யார் சரிபார்த்தார்கள்?’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் தணிக்கையாளர்கள் வந்து உட்காருவார்கள். செப்டம்பர் 30-க்குள் அவர்கள் தங்கள் கருத்தைத் தர வேண்டும். அந்த இரண்டு மாதமும் வீட்டில் கல்யாணம் வைக்காதீர்கள் என்று என் குழுவில் சேருபவர்களிடம் சொல்லிவிடுவேன்.

அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனதும் தேர்வுக்குழுவின் (துறைகளைக் கேள்வி கேட்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு) கேள்விகள் எழுத்தில் வரும், நூற்றுக்கணக்கில். வெளி ஆலோசகர்களுக்கு எவ்வளவு செலவானது, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், போன ஆண்டு இருந்த இந்த அளவுகோல் இந்த ஆண்டு ஏன் காணவில்லை என்று எல்லாம் கேட்பார்கள். 2024 முதல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஆண்டில் இரண்டு வாரம் ஒதுக்குகிறது. ஜூனில் வரும் ஆண்டுக்கான பட்ஜெட்டைப் பார்ப்பார்கள், டிசம்பரில் முடிந்த ஆண்டைப் பார்ப்பார்கள். ஜனவரியில் இங்கே கோடை விடுமுறை, வெலிங்டனே காலியாக இருக்கும். பிப்ரவரியிலிருந்து அடுத்த ஆண்டுக்கான திட்டம், அளவுகோல் திருத்தம், பட்ஜெட் ஆவண எழுத்து. பட்ஜெட் வழக்கமாக மே மாதத்தில் வரும்.

இதற்கு நடுவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமைக் குழுவுக்கும் அமைச்சருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்ட அறிக்கை போகும். எல்லோருக்கும் பிடித்த நிறம் மஞ்சள். சிவப்பு போட்டால் விளக்கம் கேட்பார்கள், பச்சை போட்டால் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று பயம். மூன்று காலாண்டு பச்சையாக இருந்துவிட்டு நான்காவதில் திடீரென்று சிவப்பாகும் திட்டங்களும் உண்டு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு என்பதால் அலுவலகங்களில் அதைத் தர்பூசணி அறிக்கை என்றே சொல்வார்கள். அதை முதல் காலாண்டிலேயே மோப்பம் பிடிப்பவர்தான் இந்த வேலையில் பெயர் வாங்குகிறவர்.

என்ன படிச்சிருக்கணும்? நான் ஐ.டி., என் மனைவி சி.ஏ.

இரண்டு பேருக்குமே வழி இருக்கிறது. இதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. கணக்கு, பொருளாதாரம், பொது நிர்வாகம், புள்ளியியல், இதழியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், தரவைப் படமாகக் காட்டும் பவர் பி.ஐ. மென்பொருள் தெரிந்தால் நல்லது. சி.ஏ. முடித்தவருக்கு ஆதாரம் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும், அது பெரிய பலம்.

எழுத்துதான் பலருக்குத் தடையாக இருக்கிறது. நம்மில் நிறைய பேர் நீளமாக, மரியாதையாக, செயப்பாட்டு வினையாகவே எழுதிப் பழகியவர்கள். இங்கே ‘நாங்கள் இலக்கை எட்டவில்லை. காரணம் இது’ என்று இரண்டு வரியில் எழுத வேண்டும். தினமும் ஒரு துறையின் ஆண்டறிக்கையை எடுத்து, ஒரு பக்கத்தை உங்கள் வார்த்தையில் பாதியாகச் சுருக்கிப் பாருங்கள். ஆண்டறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசம்.

சிட்டிசன்ஷிப் வேணுமா? இப்ப ஆள் எடுக்குறாங்களா?

பெரும்பாலான துறைகளில் குடியுரிமை தேவையில்லை, இங்கே வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். பாதுகாப்பு அனுமதி கேட்கும் சில இடங்களில் மட்டும் விதி கடுமையாக இருக்கும், விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள்.

ஆள் எடுப்பதைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். 2023 இறுதியில் வந்த கூட்டணி அரசு பல துறைகளைச் செலவில் 6.5 அல்லது 7.5 சதவீதம் குறைக்கச் சொன்னது. 2024-ல் அரசுப் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் போயின, அதில் வெலிங்டனுக்குத்தான் பெரிய அடி. எங்களைப் போன்ற குழுக்களும் சுருங்கின. ஒரு விளம்பரத்துக்கு அனுபவசாலிகள் பலர் போட்டி போடும் காலம் இது. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து தேடலாம் என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் ஆண்டறிக்கைக் காலத்துக்கு மட்டும் எடுக்கும் சில மாத ஒப்பந்த வேலைகளைக் கவனியுங்கள்.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

‘ஒரு மேலதிகாரி உங்கள் கருத்தை ஏற்காதபோது என்ன செய்தீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள்’ என்ற வகைக் கேள்விதான் அதிகம். நம்மவர்கள் தடுமாறுவது ‘நாங்கள் செய்தோம், எங்கள் டீம் முடித்தது’ என்று சொல்வதில். அடக்கம் நல்ல குணம்தான், ஆனால் எதிரே இருப்பவருக்கு நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும். ‘நான் அந்தத் தரவைச் சரிபார்த்தேன், இந்த முரணைக் கண்டேன், இவரிடம் போய்ப் பேசினேன்’ என்று சொல்லுங்கள்.

சார், மேடம் எல்லாம் இங்கே கிடையாது. துறைத் தலைவரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் மாதம் வாய் வராது, பழகிவிடும்.

மாவோரி மொழி தெரியணுமா?

இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மொழி அது. சரளமாகப் பேசத் தேவையில்லை. வணக்கம் சொல்லவும், பெயர்களைச் சரியாக உச்சரிக்கவும், துறைகளின் மாவோரிப் பெயர்களை அடையாளம் காணவும் தெரிய வேண்டும். நம் பெயரை வெள்ளைக்காரர்கள் குதறும்போது நமக்கு எப்படி இருக்கும்? அந்த உணர்வோடு கற்றுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் 1840-ன் வைதாங்கி ஒப்பந்தம். அரசுக்கும் மாவோரி மக்களுக்கும் இடையே கையெழுத்தானது அது. நம் வேலையில் அது எங்கே வந்து நிற்கிறது என்றால், சராசரியில். நாடு முழுவதற்குமான தடுப்பூசி விகிதத்தை மட்டும் போட்டால், மாவோரிக் குழந்தைகளின் விகிதம் அதற்குக் கீழே இருப்பது மறைந்துபோகும். அதனால் எண்ணைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.

நல்ல அளவுகோல்னா என்ன? ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.

உரிமம் வழங்கும் ஒரு பிரிவை வைத்துப் பார்ப்போம். முதல் வரைவு பெரும்பாலும் ‘விண்ணப்பதாரர்களுக்கு விரைவான, தரமான சேவை அளிக்கப்படும்’ என்று வரும். இதை எதை வைத்து அளப்பது? திருப்பி அனுப்பினால் ‘90% விண்ணப்பங்கள் 20 வேலை நாளுக்குள் முடிக்கப்படும்’ என்று வரும். இப்போது எண் இருக்கிறது, ஆனால் வேலை இங்கேதான் ஆரம்பம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? விண்ணப்பம் வந்த அன்றா, யாராவது அதைத் திறந்து ‘முழுமையானது’ என்று குறித்த அன்றா? இரண்டாவது என்றால், திறக்காமல் ஒரு மாதம் கிடந்த விண்ணப்பமும் இலக்குக்குள் வந்துவிடும். கூடுதல் ஆவணம் கேட்டால் கடிகாரம் நிற்குமா? நின்றால், பத்தொன்பதாவது நாளில் ஒரு கடிதம் போட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் பழக்கம் வந்துவிடாதா? ‘முடித்தல்’ என்றால் உரிமம் கையில் கிடைப்பதா, கணினியில் முடிவு பதிவாவதா? மீதி 10% பேருக்கு எத்தனை நாள் ஆகிறது, 21 நாளா, 200 நாளா? 90% ஏன், போன ஆண்டே 96% வந்திருந்தால் இது இலக்கா, சலுகையா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை ஒரு பக்க வரையறைத் தாளில் எழுதி, பிரிவின் மேலாளர் பெயரோடு கோப்பில் வைப்போம். வெளியே அச்சாவது ஒரே ஒரு வரி. அந்த ஒரு பக்கத்தை மார்ச் மாதமே எழுதாவிட்டால் ஆகஸ்டில் தணிக்கையாளர் முன்னால் விழிக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி மதிப்பு அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

துறை கையில இல்லாத விஷயத்துக்குத் துறை எப்படிப் பொறுப்பாகும்?

நியாயமான கேள்வி. உரிமம் கொடுப்பது துறையின் கையில் இருக்கிறது, ஆனால் அந்த உரிமத்தால் தொழில் வளர்வது முழுவதும் துறையின் கையில் இல்லை. அரசு 2024-ல் 2030-க்கென்று ஒன்பது இலக்குகளை அறிவித்தது. அவற்றில் ஒன்று, 80% மாணவர்கள் ஒரு பருவத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட நாள் பள்ளிக்கு வர வேண்டும் என்பது. காய்ச்சல் பரவும் குளிர்காலமும் வீட்டு நிலைமையும் கல்வி அமைச்சகத்தின் பேச்சைக் கேட்குமா?

அதனால் இரண்டையும் தனித்தனியாக, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். துறை செய்தது ஒரு பக்கம், நாட்டில் மாறியது இன்னொரு பக்கம், இடையே ‘இதைச் செய்தால் இது மாறும் என்று நாங்கள் நம்புவதற்குக் காரணம் இது’ என்ற விளக்கம். அந்த இடைப்பகுதியை எழுதுவதுதான் கஷ்டம். அதை விட்டுவிட்டால் துறை தான் நடத்திய பயிலரங்குகளை எண்ணிக் காட்டிவிட்டுப் போய்விடும்.

இதெல்லாம் பேப்பர் வேலைதானே? அந்தச் சம்பளத்துல ஒரு நர்ஸைப் போடலாமே?

இதை என் தம்பியே கேட்டான். அளவுகோல்கள் தேவைக்கு மேல் பெருகிக் கிடக்கும் துறைகள் இருக்கின்றன என்பதை ஒத்துக்கொள்கிறேன். யாரும் படிக்காத, எந்த முடிவையும் மாற்றாத எண்ணைச் சேகரிப்பது வீண், அதை வெட்டச் சொல்வதும் எங்கள் கடமை.

ஆனால் நர்ஸ் எத்தனை பேர் வேண்டும், எங்கே வேண்டும், போன வருடம் போட்ட நர்ஸ்களால் காத்திருப்பு குறைந்ததா என்று சொல்வது யார்? வரி கட்டுகிறவர் கேட்கக்கூடிய கேள்விக்கு, அவர் கேட்பதற்கு முன்பே பொதுவில் பதில் இருக்க வேண்டும். இந்தியாவிலும் மத்திய அரசு 2005-06 முதல் விளைவு பட்ஜெட் (செலவால் என்ன பலன் என்று காட்டுவது) என்று ஒன்றை வெளியிட ஆரம்பித்தது. இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஆட்சி மாறினா நீங்க எழுதினதெல்லாம் குப்பைக்குப் போயிடுமா?

கொஞ்சம் போகும். இங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். 2012-ல் பிரதமர் ஜான் கீயின் அரசு பொதுச் சேவைக்குப் பத்து இலக்குகள் வைத்தது. 2018-ல் அடுத்த அரசு அவற்றைக் கைவிட்டது. 2019-ல் நல்வாழ்வு பட்ஜெட் வந்தது. 2024-ல் மேலே சொன்ன ஒன்பது இலக்குகள். இலக்கு வைப்பது அமைச்சர்களின் உரிமை, அதில் நமக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது. நடுநிலையாக இருப்பது, அஞ்சாமல் உள்ளதைச் சொல்வது இரண்டையும் 2020-ன் பொதுச் சேவைச் சட்டம் கொள்கைகளாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆட்சி மாறினாலும் தரவுத் தொடர் அறுந்துபோகக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். இலக்கை எடுத்துவிட்டாலும் அளப்பதை நிறுத்தாமல் இருந்தால், ஐந்து வருடம் கழித்து வரும் அமைச்சருக்கு ஒப்பிட ஏதாவது இருக்கும்.

எண் சரியா இருந்தும் தப்பா இருக்க முடியுமா?

தாராளமாக. 2009-ல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் இலக்கு வந்தது. 95% நோயாளிகள் ஆறு மணி நேரத்துக்குள் அனுமதிக்கப்படவோ, வேறிடம் மாற்றப்படவோ, வீட்டுக்கு அனுப்பப்படவோ வேண்டும். அதனால் நல்லதும் நடந்தது, மருத்துவமனைகள் நெரிசலைக் கவனிக்க ஆரம்பித்தன. கூடவே சில இடங்களில் நோயாளியைப் பக்கத்திலிருக்கும் குறுகிய காலத் தங்கல் பிரிவுக்கு நகர்த்திக் கடிகாரத்தை நிறுத்தியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உரிமக் கேள்வியில் சொன்ன அதே கடிகாரம்தான், ஆனால் இங்கே காத்திருந்தது ஒரு நோயாளி.

இன்னொன்று, வகுக்கும் எண். 2021 அக்டோபரில், ஒவ்வொரு மாவட்டச் சுகாதார வாரியத்திலும் தகுதியுள்ளவர்களில் 90% பேர் இரண்டு தவணை கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டால் கட்டுப்பாடுகள் மாறும் என்று அரசு அறிவித்தது. எந்த 100 பேரில் 90? சுகாதார அமைச்சகம் எடுத்தது சுகாதாரச் சேவையைப் பயன்படுத்தியவர்களின் பதிவேட்டை. டாக்டரிடமே போகாதவர், எந்தப் பதிவிலும் இல்லாதவர் அந்தக் கணக்கில் வரவில்லை. எளிதில் எட்ட முடியாதவர்கள்தான் அப்படி விடுபடுவார்கள். மாவோரி மக்கள் குறைவாக எண்ணப்படுகிறார்கள் என்ற கவலை எழுந்தது, 2022-ல் நாட்டின் புள்ளியியல் துறை அந்தப் பதிவேட்டையே ஆய்வு செய்தது. போட்ட ஊசியின் எண்ணிக்கையில் தவறில்லை. கீழே இருந்த எண்தான் கேள்விக்குள்ளானது. அதனால் உங்களிடம் ஒரு சதவீதம் வந்தால் முதலில் கீழ் எண்ணைக் கேளுங்கள்.

டார்கெட் தவறிடுச்சுன்னா யாருக்கு அடி?

தவறியதற்காக மட்டும் யாருக்கும் வேலை போனதை நான் பார்த்ததில்லை. அறிக்கையில் ‘எட்டப்படவில்லை’ என்று போட்டு, காரணத்தையும் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதையும் எழுதுவோம். தேர்வுக்குழுவின் முன் துறைத் தலைவர் பதில் சொல்வார். உண்மையான சிக்கல், தவறியதை மறைக்கும்போது வருகிறது. எண்ணுக்கு ஆதாரம் போதவில்லை என்றால் தணிக்கையாளர் தன் கருத்தில் அதைக் குறையாகவே எழுதிவிடுவார். அது நாடாளுமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் போகும்.

எல்லா இலக்கையும் எட்டிய துறை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இலக்குகள் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

மேனேஜர் எண்ணைக் கொஞ்சம் ‘சரி பண்ண’ச் சொன்னா என்ன செய்யறது?

முதலில் அவர் கேட்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள். விளக்கத்தை மாற்றச் சொல்வது தவறில்லை, சூழலைச் சேர்ப்பதும் தவறில்லை. 89.6-ஐ 90 என்று முழுமையாக்கி ‘எட்டப்பட்டது’ போடச் சொன்னால், வரையறைத் தாளைத் திறந்து தசமத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள். அங்கே எழுதவில்லை என்றால் போன ஆண்டு எப்படிச் செய்தோமோ அப்படித்தான் இந்த ஆண்டும். பெரும்பாலான பேச்சு இங்கேயே முடிந்துவிடும், சண்டைகூட வராது.

ஆண்டு முடிந்தபின் வரையறையை மாற்றவோ, தவறிய அளவுகோலைச் சத்தமில்லாமல் நீக்கவோ சொன்னால், மறுத்துவிட்டு அதை எழுத்தில் வையுங்கள். ‘நேற்று பேசியபடி, இந்த எண்ணை இன்ன காரணத்தால் மாற்ற இயலாது’ என்று மரியாதையான இரண்டு வரி மின்னஞ்சல் போதும். அரசு ஆவணங்களைப் பாதுகாப்பது 2005-ன் பொது ஆவணச் சட்டப்படி கடமை. 1982-ன் அலுவல் தகவல் சட்டப்படி நியூசிலாந்தில் இருக்கும் யாரும் அவற்றைக் கேட்கலாம், 20 வேலை நாளுக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். இது மேலாளருக்கும் தெரியும்.

அதற்கும் அசையாமல் பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார்கள் என்றால், 2022-ன் முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. துறைக்குள்ளேயே அதற்கான ஆளிடம் சொல்லலாம், நேராக ஆம்புட்ஸ்மனிடமோ (அரசு அலுவலகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் சுயேச்சை அதிகாரி) தலைமைத் தணிக்கையாளரிடமோ போகலாம். விசாவும் வீட்டுக் கடனும் இந்த வேலையைத்தான் நம்பியிருக்கின்றன என்று பயப்படுகிறவர்கள் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை முதலில் கூப்பிடுங்கள். என்ன பாதுகாப்பு உண்டு, எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர்களே வழி சொல்வார்கள்.